'ரிப்போர்ட் ரெடி' என்று சொல்ல எந்த வழி? இணையச் செயலியிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்புவது பற்றி ஓர் ஒப்பீடு

கும்பகோணம் பக்கம் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம். காலை ஆறரைக்குக் கதவு திறக்கும்போதே வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாளைக்குச் சுமார் எண்பது பேர். பாதிப் பேர் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். ரத்தம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய், சாயங்காலம் மறுபடி பஸ் பிடித்து வந்து, "ரிப்போர்ட் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டு, "தைராய்டு நாளைக்குத்தான் வரும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் அப்படிப் போவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அந்த நிலையத்துக்குப் பதிவு, பில், முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் இணையச் செயலியை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். "இதுலேருந்தே மெசேஜ் போற மாதிரி பண்ணிடுங்க தம்பி" என்றார் உரிமையாளர். நிரல் எழுத ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. எந்த வழியில் அனுப்புவது என்று முடிவெடுக்க ஒன்றரை மாதம் ஆனது. இதே வேலையை ஒரு பள்ளிக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, மெக்கானிக் கடைக்கோ செய்யப் போகிறவர்களுக்கு அந்த ஒன்றரை மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று செய்தோம். ஒரு வாரம் முழுக்க, வருகிறவர்களின் கையில் என்ன போன் இருக்கிறது என்று ரிசப்ஷனில் இருக்கும் அக்கா குறித்துக்கொண்டார். பட்டன் போன்காரர்கள் நான் எதிர்பார்த்ததை விட அதிகம். மகன் எண்ணையோ பக்கத்து வீட்டு எண்ணையோ கொடுத்தவர்களும் இருந்தார்கள். பின்னால் வந்த எல்லா முடிவுக்கும் அந்த நோட்டுப் புத்தகம்தான் அடிப்படை. உங்கள் ஆட்களின் கையில் இருக்கும் போன் எது என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சொந்த சிம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனையோ யூஎஸ்பி மோடத்தையோ மேசையில் வைத்து, அதில் சிம்மைப் போட்டு, செயலி சொல்லும்போதெல்லாம் அதன் வழியாக அனுப்புவது. மாதா மாதம் ரீசார்ஜ் மட்டும்தான் செலவு. காம்மு, கேனல் போன்ற இலவச மென்பொருள்கள் வெகுகாலமாக இருக்கின்றன. நானும் முதலில் இதைத்தான் முயன்றேன்.

மூன்று இடத்தில் இடித்தது. பொதுவாக ரீசார்ஜ் திட்டங்கள் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் தருகின்றன. எண்பது பேருக்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் தமிழ் மெசேஜ் பெரும்பாலும் இரண்டாகக் கணக்காகும் (அதைக் கீழே விரித்துச் சொல்கிறேன்). அப்போது நூறு என்பது ஐம்பதாகிவிடும். அடுத்தது, ஒரு செயலி அரை மணி நேரத்தில் 30 எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் அனுப்பப் போனால் ஆண்ட்ராய்டு திரையில் அனுமதி கேட்டு நின்றுவிடும். ஒருவர் போய்த் தொட வேண்டும். மோடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மலிவாகக் கிடைப்பவற்றில் பல 2ஜி மோடம்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது என்பதால் அந்த சிம் அதில் வேலை செய்யாது.

இதையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். நான் கைவிட்டதற்குக் காரணம் சட்டம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த 2018 வணிகத் தொடர்பு விதிமுறைகளின்படி, ஒரு நிறுவனம் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மெசேஜ் அனுப்பக் கூடாது. 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம் இதை இன்னும் இறுக்கியது. பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே அந்த எண்மீது நடவடிக்கை எடுக்கலாம். 1909-க்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் புகார் பதிவாகிவிடும். எண்பது பேரில் ஐந்து பேருக்கு 'இது யாரோ தெரியாத எண்' என்று தோன்றாது என்று யார் உறுதி சொல்ல முடியும்? போவது அந்த நிலையத்தின் எண். ஊரில் எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் அச்சாகியிருக்கும் எண்.

ஆனால் இந்த மோடத்தைத் தூக்கிப் போடவில்லை. ரத்த மாதிரிகளும் ரீஏஜென்ட்டுகளும் (பரிசோதனை ரசாயனங்கள்) இருக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலை ஏறினால் உரிமையாளருக்கும் டெக்னீஷியனுக்கும் மட்டும் எஸ்எம்எஸ் போக வேண்டும். கரண்ட் போய், பிராட்பேண்டும் போன நேரத்தில்தான் அது அவசியம். இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும் சிம் மோடத்துக்கு அதை விடப் பொருத்தமான வேலை கிடையாது. தனக்குத் தானே தகவல் சொல்லிக்கொள்ள சொந்த சிம், ஊருக்குச் சொல்ல வேறு வழி என்று பிரித்துக்கொண்டோம்.

உள்ளூர் கேட்வே, அப்புறம் டிஎல்டி

கேட்வே என்பது நம் செயலியின் மெசேஜை வாங்கி மொபைல் ஆபரேட்டரிடம் சேர்க்கும் இடைநிலைச் சேவை. எம்எஸ்ஜி91, குப்ஷப், எக்ஸோடெல் என்று இந்தியாவிலேயே பல நிறுவனங்கள் அதைத் தருகின்றன. எல்லோருடைய அடிப்படையும் ஒன்றுதான். உங்கள் சர்வர் இணையம் வழியாக ஒரு பாதுகாப்பான (எச்டிடிபிஎஸ்) கோரிக்கை அனுப்பும். அதில் ரகசியச் சாவி (கடவுச்சொல் மாதிரி), பெறுபவர் எண், அனுப்புநர் பெயர், டெம்ப்ளேட் எண் (முன்பே ஒப்புதல் வாங்கிய வாசகத்தின் எண்), வாசகம் ஆகியவை இருக்கும். கேட்வே அதை ஆபரேட்டரின் மெசேஜ் மையத்துக்குத் தள்ளும். அங்கிருந்து போனுக்குப் போகும். ஒரு மெசேஜுக்கு எனக்குச் சொன்ன விலைகள் 20 காசை ஒட்டியே இருந்தன. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மாதம் 2,400 மெசேஜ் என்றால் 480 ரூபாய், வரியோடு 566. விலையில் ஒரு காசு இரண்டு காசு வித்தியாசத்துக்காக நாள்கணக்கில் பேரம் பேசத் தேவையில்லை. எந்த நிறுவனம் போனை எடுத்துப் பதில் சொல்கிறது, டெலிவரி விவரத்தை ஒழுங்காகத் திருப்பித் தருகிறது என்று பாருங்கள்.

நேரம் பிடிக்கும் இடம் டிஎல்டி பதிவு. ஸ்பாமைத் தடுக்க டிராய் கொண்டுவந்த பிளாக்செயின் பதிவேடு அது. ஏர்டெல், ஜியோ, வி, பிஎஸ்என்எல் என்று ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தனிப் போர்ட்டல் உண்டு. ஏதாவது ஒன்றில் பதிந்தால் போதும். முதலில் நிறுவனத்தைப் பதிய வேண்டும். பான் கார்டு, நிறுவனச் சான்று, கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் கேட்பார்கள். நாங்கள் கட்டியது ஜிஎஸ்டியோடு 5,900 ரூபாய். தொகை போர்ட்டலுக்குப் போர்ட்டல் மாறும், கட்டுவதற்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் ஹெட்டர், அதாவது மெசேஜின் தலையில் வரும் ஆறு எழுத்துப் பெயர். அப்புறம் டெம்ப்ளேட். நீங்கள் அனுப்பப் போகும் வாசகத்தை அச்சு மாறாமல் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர், தேதி போன்ற மாறும் இடங்களை மட்டும் காலியாக விடலாம். 2024 அக்டோபரிலிருந்து, மெசேஜில் ஏதாவது லிங்க் இருந்தால் அதையும் பதிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து, உங்களுக்கும் ஆபரேட்டருக்கும் நடுவில் உள்ள நிறுவனங்களின் சங்கிலியையும் போர்ட்டலில் காட்ட வேண்டும். கேட்வே மாற்றினால் இதைப் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

இது வெறும் காகித வேலை என்று நினைத்தால் 2021 மார்ச் 8-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அன்றுதான் டெம்ப்ளேட் பொருத்திப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள். பல வங்கிகள் சரியாகப் பதியாததால் ஓடிபியே போகாமல் நாடு முழுக்கப் பணப் பரிமாற்றம் திணறியது. டிராய் அந்தச் சோதனையை ஒரு வாரம் தள்ளி வைத்தது. பெரிய வங்கிகளுக்கே அந்த நிலை.

எங்களுக்கும் அது சின்ன அளவில் நடந்தது. டெம்ப்ளேட் ஒப்புதல் வந்துவிட்டது, செயலியும் தயார். முதல் நாள் காலையில் ஒரு மெசேஜ்கூடப் போகவில்லை. 'டெம்ப்ளேட் பொருந்தவில்லை' என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. கேட்வே உதவி மையத்தில் இருந்தவர், "இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் சார், எங்கேயாவது ஸ்பேஸ் அதிகமாக இருக்கும்" என்றார். எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

கடைசியில் இரண்டு வாசகத்தின் யூனிகோடு எண்களையும், அதாவது ஒவ்வொரு குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்களையும், அச்சிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. 'ரிப்போர்ட்' என்ற சொல்லில் இருக்கும் 'ோ' குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். முழுதாக ஒரே குறியீடாகவும் எழுதலாம். 'ே' ஒன்று, 'ா' ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். போர்ட்டலில் ஏற்றிய வாசகம், பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றும் ஒரு கருவியிலிருந்து வந்தது. அதில் பிரிந்த வடிவம். என் நிரலில் இருந்தது முழு வடிவம். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள். டெம்ப்ளேட்டைத் திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்கினேன். செயலியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தமிழ் வரியையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு அனுப்பும்படி ஒரு வரி சேர்த்தேன். தமிழில் டெம்ப்ளேட் ஏற்றுகிறவர்கள் அதை ஏற்றுவதற்கு முன்பே இதே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். 'ொ', 'ோ', 'ௌ' மூன்றிலும் இந்த ஆபத்து உண்டு.

தமிழில் எழுபது இடம்

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துகளுக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதினாறு பிட் தேவை, அதனால் 70 இடம்தான். 70-ஐத் தாண்டினால் துண்டுகளாகப் பிரியும். துண்டுகளை ஒட்டுவதற்கான தகவல் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஒவ்வொரு துண்டிலும் 67 தான் மிஞ்சும். தமிழுக்கென்று ஏழு பிட் அட்டவணை ஒன்று மொபைல் தரநிலையில் இருக்கிறது. ஆனால் நான் விசாரித்த கேட்வேக்கள் எதிலும் அது கிடைக்கவில்லை.

இடம் என்றால் நாம் எண்ணும் எழுத்து அல்ல. புள்ளியும் ஓர் இடம், கொம்பும் ஓர் இடம். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஏழு. நான் முதலில் எழுதிய வாசகம் இது:

"வணக்கம். உங்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கை தயார். காலை 7 முதல் இரவு 8 வரை வந்து பெற்றுக்கொள்ளலாம்."

மொத்தம் 95 இடம். 'வரை' என்ற சொல்லோடு எழுபது முடிந்துவிடுகிறது. மீதிக்காக இன்னொரு மெசேஜின் காசு. மாதச் செலவு இரட்டிப்பாகி ஆயிரத்தைத் தாண்டும். அதனால் இப்படிக் குறைத்தோம்:

"உங்கள் ரிப்போர்ட் தயார். காலை 7 முதல் இரவு 8 வரை வாங்கலாம்."

59 இடம். மீதி 11-ல் நிலையத்தின் சுருக்கப் பெயர் அடங்கிவிட்டது. நிறுவனப் பெயர் இல்லாவிட்டால் டெம்ப்ளேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'வணக்கம்' போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் வாசித்துப் பார்த்த ரிசப்ஷன் அக்கா, "இதுதான் சார் நாங்க போன்ல சொல்றது" என்றார்.

ஆங்கிலத்தில் அனுப்புவது மலிவு, உண்மைதான். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. வாசகத்தில் ஒரே ஒரு ₹ குறியோ, வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறியோ இருந்தால் மொத்த மெசேஜும் 70 கணக்குக்கு வந்துவிடும். ஆனால் நான் தமிழை விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் அது இல்லை. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தமிழ்தான் படிக்க வரும். மகனோ பேத்தியோ வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டிய மெசேஜ், போகாத மெசேஜுக்குச் சமம். மிகப் பழைய சில பட்டன் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அவர்களுக்காகப் பதிவுப் பக்கத்தில் 'ஆங்கிலம்' என்று ஒரு தேர்வும், தனியாக ஓர் ஆங்கில டெம்ப்ளேட்டும் வைத்தோம்.

வெளிநாட்டு நிறுவனங்கள்

டுவிலியோ, அமேசான் எஸ்என்எஸ் இரண்டின் ஆவணங்களும் அருமை. அரை மணி நேரத்தில் முதல் மெசேஜ் அனுப்பிவிடலாம். நிரலாளருக்கு அது பெரிய ஈர்ப்பு. ஆனால் இந்தியாவுக்குள் உள்நாட்டு வழியில் அனுப்ப வேண்டுமென்றால் அங்கேயும் அதே டிஎல்டி எண்களைத்தான் கேட்பார்கள். அது இல்லாமல் சர்வதேச வழியில் போனால் விலை பல மடங்கு. அனுப்புநர் பெயருக்குப் பதில் ஏதோ ஓர் எண் வரும். அதை ஸ்பாம் என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

எங்கள் பக்கம் ஒரு தனித் தேவை இருந்தது. டெல்டாவில் பல வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். "அப்பா ரிப்போர்ட் எனக்கும் தெரியணும்" என்பார்கள். பல நாடுகளுக்கு அனுப்புவதுதான் உங்கள் வேலை என்றால் இந்த நிறுவனங்களே சரி. ஆனால் ஒவ்வொரு நாட்டு விதியையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத அனுப்புநர் பெயரில் போகும் எஸ்எம்எஸ்ஸின் தலையில் 'மோசடியாக இருக்கலாம்' என்ற பொருளில் முத்திரை விழும். அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தகவல் அப்படிப் போய்ச் சேருவதை நான் விரும்பவில்லை. அவர்களுக்கு வாட்ஸ்அப்தான் வழி.

வாட்ஸ்அப்

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு இது எஸ்எம்எஸ்ஸை விட நல்லது. தமிழுக்கு எழுபது கட்டுப்பாடு கிடையாது. பிடிஎஃப் அனுப்பலாம். படித்தார்களா என்பதுகூடத் தெரியும். செயலியிலிருந்து வாட்ஸ்அப் அனுப்ப மெட்டா தரும் கிளவுட் ஏபிஐ என்ற இணைப்பை 2022-லிருந்து யார் வேண்டுமானாலும் நேரடியாகப் பயன்படுத்தலாம். இங்கேயும் டெம்ப்ளேட் ஒப்புதல் உண்டு, ஆனால் டிஎல்டியை விட வேகமாக முடிந்துவிடும். 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு மெசேஜுக்கும் தனிக் கட்டணம். நினைவூட்டல் போன்ற 'யுட்டிலிட்டி' வகை மலிவு, விளம்பரம் என்று வகைப்படுத்திவிட்டால் பல மடங்கு. 'ரிப்போர்ட் தயார்' என்ற வாசகத்தோடு 'இந்த மாதம் சலுகை' என்று ஒரு வரி சேர்த்தால் அது விளம்பர வகைக்குப் போய்விடும். உரிமையாளர் அப்படிச் சேர்க்கக் கேட்டார். கூடாது என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

வாட்ஸ்அப் வெப்பை நிரல் வழியாக ஓட்டி இலவசமாக அனுப்பும் நூலகங்களை யாராவது பரிந்துரைத்தால் தயவுசெய்து வேண்டாம். வாட்ஸ்அப் அதை அனுமதிப்பதில்லை. கண்டுபிடித்தால் எண்ணையே முடக்கிவிடும். சொந்த சிம் கதையில் சொன்ன அதே இழப்பு.

பிடிஎஃப் அனுப்புவதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. மகன் எண்ணைக் கொடுத்தவர், தன் சர்க்கரை அளவு மகனுக்குத் தெரியட்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தாரா? பக்கத்து வீட்டு எண் என்றால்? கர்ப்பப் பரிசோதனை, எச்ஐவி போன்றவற்றில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. அதனால் எஸ்எம்எஸ்ஸில் பரிசோதனையின் பெயரைக்கூடப் போடுவதில்லை. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வேண்டுமா, எந்த எண்ணுக்கு வேண்டும் என்று பதிவின்போது தனியாகக் கேட்டு, ஆமாம் என்றவர்களுக்கு மட்டும் போகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்திருக்கிறது. அது வராவிட்டாலும் இப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

மற்ற வழிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டெலிகிராம் பாட் (தானாக மெசேஜ் அனுப்பும் கணக்கு) இலவசம், ஆனால் பெறுபவர் முதலில் போய் அதைத் தொடங்க வேண்டும். ஊழியர்களுக்குள் பயன்படுத்த நன்றாக இருக்கும். பிரௌசர் நோட்டிஃபிகேஷனை ஐபோனில் பெற, இணையதளத்தை முகப்புத் திரையில் சேர்த்திருக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸின் புதிய வடிவமான ஆர்சிஎஸ் பட்டன் போனில் கிடையாது. போன் எண்ணோடு ஆபரேட்டரின் முகவரியைச் சேர்த்து அனுப்பும் மின்னஞ்சலை எஸ்எம்எஸ்ஸாக மாற்றும் பழைய தந்திரத்தை அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. எண்ணை மாற்றாமல் நெட்வொர்க்கை மாற்றிக்கொள்ளும் வசதி வந்த பிறகு, எந்த எண் எந்த ஆபரேட்டருடையது என்று தெரியாமல் அந்த வழி இங்கே பயன்படவும் செய்யாது.

நாங்கள் எடுத்த முடிவு

எல்லோருக்கும் உள்ளூர் கேட்வே வழியாகத் தமிழ் எஸ்எம்எஸ். கேட்டவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப். ஃபிரிட்ஜுக்கு சிம் மோடம். மாதம் இருநூறு மெசேஜ்கூடப் போகாத இடமென்றால் டிஎல்டி கட்டணத்துக்கு நியாயம் இருக்காது. அங்கே ஒருவர் போன் போட்டுச் சொல்வதே நல்லது என்பேன்.

செயலிக்குள் கவனிக்க வேண்டியவை சில. டெக்னீஷியன் 'முடிந்தது' என்று அழுத்தியவுடன் அங்கேயே கேட்வேயைக் கூப்பிடாதீர்கள். கேட்வே மெதுவாக இருந்தால் அவர் திரை உறைந்து நிற்கும், அவர் மறுபடி அழுத்துவார், ஒரே ஆளுக்கு மூன்று மெசேஜ் போகும். டேட்டாபேஸில், அனுப்ப வேண்டிய மெசேஜ்கள் காத்திருக்கும் ஒரு வரிசை அட்டவணை வைத்து, பின்னணியில் ஒரு நிரல் அதிலிருந்து எடுத்து அனுப்பட்டும். ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்க முடியும் என்று அட்டவணையிலேயே கட்டுப்பாடு போடுங்கள். ரகசியச் சாவி சர்வரில் மட்டும் இருக்க வேண்டும். பிரௌசரில் ஓடும் நிரலில் அதை வைத்தால், யாரோ உங்கள் காசில் ஊர் முழுக்க மெசேஜ் அனுப்ப முயல்வார்கள்.

முக்கியமாக, கேட்வே 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்வதற்கும் போனில் போய்ச் சேர்ந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. போன் அணைந்திருக்கலாம், எண் தவறாக இருக்கலாம், ரீசார்ஜ் முடிந்து சிம் செத்திருக்கலாம். போய்ச் சேர்ந்த விவரம் கேட்வேயிலிருந்து பிறகு தனியாக வரும். அதை வாங்கிப் பதிந்துவைக்கும் முகவரி ஒன்றைச் செயலியில் கட்டாயம் வையுங்கள்.

எங்கள் செயலியில் மாலை ஆறு மணிக்கு, அன்று மெசேஜ் போய்ச் சேராதவர்களின் பட்டியல் ரிசப்ஷன் திரையில் வரும். பெரும்பாலும் ஐந்தாறு பேர். அக்கா பதிவேட்டில் இன்னொரு எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொருவருக்காகப் போன் போடுகிறார். "ஐயா, ரிப்போர்ட் வந்துருச்சு. இப்ப பஸ் ஏற வேணாம், காலையில வாங்க."